நேரலையில் ஆஷ்லின்

ஞாயிறு பூசை நேரலையில் போய்க்கொண்டிருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பங்குக் கோயிலில் தூணோரம் நின்று அமலோற்பவம் போனைப் பிடித்திருக்கிறாள். மகன் கிளமென்ட் குவைத்திலிருந்து அனுப்பிய போன். பங்கிலேயே இதில்தான் படம் தெளிவு. "இருபது வருஷம் பாடிட்டீங்க, இனிமே நீங்கதான்க்கா எங்க கேமராமேன்" என்று காலையில் சிரித்தபடி சொல்லிவிட்டார் உபதேசியார் குழந்தைராஜ். இதோ, அவள் நின்ற இடத்தில், அவள் பாடிய மைக்கில், பதிலுரைப் பாடலைத் தொடங்குகிறாள் ஆஷ்லின். வண்ணக் கண்ணாடி ஜன்னலின் வெயில் தேடிப்போய் அந்தப் பெண்ணின் கன்னத்தில் விழுகிறது. வெயிலுக்குக்கூட ஓரவஞ்சனை. திரையில் சிவப்பு இதயங்கள் குமிழ் குமிழாக மேலேறுகின்றன. 'என்னா குரல்!' என்று எழுதுகிறார் தரங்கம்பாடியிலிருந்து ஒருவர். அமலோற்பவத்தின் மணிக்கட்டு மெல்லத் திரும்புகிறது. படத்தில் இப்போது பாதி ஆஷ்லின், பாதி மெழுகுவத்தி. சபை சேர்ந்து பாடும் வரி வருகிறது. போனுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும் அமலோற்பவம் அடிவயிற்றிலிருந்து பாடுகிறாள். இதயங்கள் நின்றுவிடுகின்றன. கிளமென்டின் பெயர் திரையில் வருகிறது. 'அம்மா, நீங்க பாடாதீங்க, ஆஷ்லின் பாடுறது கேக்கல. போனை நேரா பிடிங்க.' அதற்குக் கீழே மூன்று பேர் சிரிக்கிறார்கள். அமலோற்பவம் வாயை மூடிக்கொள்கிறாள். போன் நேராகிறது, முழு ஆஷ்லின், முழு வெயில். மறுபடியும் இதயங்கள். அவளுடைய கட்டைவிரல் மட்டும் திரையைத் தொடாமல் எழுந்து வந்து, ஆஷ்லினின் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. குவைத்தில் அது தெரியாது.