பூட்ஸ் லேஸில் ஒரு பின்னல்

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு அப்பாவின் தகரப் பெட்டி மேல் விழுந்து கிடக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய அவருடைய பட்டாள எண் பாதி உரிந்திருக்கிறது. அவர் போய்ப் பதினெட்டு நாளாகிறது. அக்காவும் தங்கையும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடை, கறுத்துப்போன பதக்கங்கள், எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசம். அடியில் ஒரு ஜோடி பூட்ஸ். ஒன்றின் துளையில் மூன்று கறுப்பு லேஸ்களை முடிந்து, நீளமாக ஜடை பின்னியிருக்கிறது. நுனியில் சாயம் போன சிவப்பு ரிப்பன். அக்காவின் கை அப்படியே நின்றுவிடுகிறது. அம்மா இறந்ததும் பட்டாளத்தை விட்டு வந்தவர், வந்த மறுநாளே இரண்டு பேருக்கும் தலை பின்னிவிட்டார். புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இறுக்கம். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றதற்கு, "பட்டாளத்துல எல்லாம் சொல்லிக் குடுப்பாங்க" என்றார். பள்ளிக்கூடம் முழுக்க அக்கா அதைப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள். "பட்டாளத்துலேருந்து கெளம்புறதுக்கு முன்னாடி இதுல பழகியிருக்காருடி" என்கிறாள் இப்போது. "எதிரிக்கா ஜடை போடப் போறாங்க? நீயும் நம்பினியே!" என்று தங்கை சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் உடைகிறது. ரிப்பன் முடிச்சை அக்கா நகத்தால் நெம்பிப் பார்க்கிறாள். அசையவில்லை. தங்கை நகர்ந்து வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்து, நரையோடிய கொண்டையை அவிழ்த்துவிடுகிறாள். அக்கா முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்குகிறாள். "நல்லா இழுத்துப் போடுக்கா" என்கிறாள் தங்கை. "இன்னும் புருவம் ஏறல."