வடிவாம்பாள் விழுங்கிய மாத்திரை

அன்று கூடத்தில் வடிவாம்பாளும், மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் அத்தை குஞ்சம்மாளும், வீடு வீடாக மருந்து கொடுக்கும் புது நர்ஸ் எஸ்தரும் இருந்தார்கள். மகள் மங்களம் அடுக்களையில், எரியும் அடுப்பருகே.

“சர்க்கரை மாத்திரை எதிர்வீட்டுக்கு. வலிப்பு மாத்திரை உங்களுக்குத்தானேக்கா?”

மகளுக்காகத் தன் பெயரில் வாங்கிவந்த மாத்திரை. தீர்ந்து இரண்டு நாளாகிவிட்டது. வடிவாம்பாளின் கண் குஞ்சம்மாள் பக்கம் போய்வந்தது.

“எனக்குத்தான்.”

“பொண்ணுக்கும் உண்டோ, சம்பந்தி?” என்றாள் குஞ்சம்மாள்.

“அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா.”

“ஒண்ணுதான் மிச்சம். என் கண் முன்னாடியே போட்டுக்கோங்க” என்றாள் எஸ்தர்.

வடிவாம்பாள் விழுங்கினாள். உள்ளே கரண்டி பாத்திரத்தில் படபடவென்று தட்டத் தொடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.

வலிப்பு வந்துதான் மங்களம் அடுப்பில் விழுந்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். அந்த வீட்டில் வலிப்பு தாயாருக்குத்தான்.