ஒன்று புள்ளி எட்டு

எல்லம்மாளைக் கொன்றது தான்தான் என்பதில் கிருபாகரனுக்குச் சந்தேகமே இல்லை. படாளம் கூட்ரோட்டில் டீயைக் கையில் வாங்கியபோதுதான் சோலார் பண்ணை வாட்ச்மேன் எல்லப்பன் போன் செய்தார்.

"சார், நம்ம லைன் கம்பி அறுந்து எல்லம்மா கயினில வுழுந்துட்சு. அது சேத்துல நின்னு நாத்து நட்டுகினு இருந்துச்சு. சீக்கிரம் வா சார்."

கிளாஸை அப்படியே வைத்துவிட்டு பைக்கை எடுத்தான். வழியில் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஆபரேட்டர் துர்காதேவி மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கத் துணிச்சல் வரவில்லை.

பண்ணைக்கு அவன்தான் இன்ஜினீயர். மூன்று பேஸ் வோல்டேஜையும் கூட்டி, மிஞ்சுவதை அளக்க அங்கே ஒரு மீட்டர் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றிரண்டு வோல்ட்தான் மிஞ்சும். கம்பி தரையைத் தொட்டால் அது எகிறும். உடனே ரிலே என்கிற பாதுகாப்புக் கருவி லைனை நிறுத்திவிடும்.

போன மாதமெல்லாம் காற்றடித்தால் போதும், அந்த ரிலே லைனை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் சென்னை ஆபீசிலிருந்து வசவு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், எட்டு நாளைக்கு முன் மீட்டருக்கும் ரிலேவுக்கும் போகிற ஒயரை யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டான். மீட்டர் சுத்தமாகப் பூஜ்யத்துக்கு வந்தது. நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மாட்டவில்லை. அந்த மீட்டர் பக்கமே அதன்பின் போகவில்லை. வசவு நின்றுபோனது, அந்தச் சுகம் பழகிவிட்டது. லாக் புத்தகத்தில் மட்டும் துர்காதேவி தினமும் 1.8, 2.1, மறுபடி 1.8 என்று எழுதிக்கொண்டிருந்தாள். மீட்டரைப் பார்க்காமலே எழுதுகிறாள், சோம்பேறி என்று நினைத்தான். கண்டிக்கப் போனால் தன் குட்டு வெளிப்படுமே என்று வாயை மூடிக்கொண்டான். 'படுபாவி, ஒரு வசவுக்குப் பயந்து ஓர் உயிரை வாங்கிட்டியே' என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனான்.

கழனியில் கூட்டம் இல்லை. அழுகுரலும் இல்லை. எல்லம்மாள் வரப்போரம், வெட்டிப்போட்டுக் காய்ந்துகொண்டிருந்த பனைமட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அறுந்த கம்பி, அவள் நட்டுக்கொண்டிருந்த சேற்றிலேயே கிடந்தது.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போய் கீது? காலு சுருக்குன்னுச்சு, அவ்ளோதான். ஒடனே கரண்டு நின்னு போச்சு."

கிருபாகரன் சேறென்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. எல்லப்பன் சொல்லி துர்காதேவி கையால் நிறுத்தியிருப்பாள். அவளைப் போய்ச் சோம்பேறி என்று நினைத்தோமே என்று கூசினான். கம்பியைக் காவல் காக்க எல்லப்பனை நிறுத்திவிட்டு கன்ட்ரோல் ரூமுக்குப் போனான்.

"நல்ல வேளைம்மா, நீ கையால ஆஃப் பண்ணின. இல்லன்னா அந்தம்மா கதி..."

"நான் எங்க சார் பண்ணேன்? ரிலேதான் தானா நிறுத்துச்சு. அத சொல்லத்தான் உங்களுக்கு போன் போட்டேன்."

"அது எப்படி நிறுத்தும்? ஒயரைக் கழட்டினதே நான்தான்மா." எட்டு நாளாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. "தப்பு என்னோடது. ஆபீசுக்கு நானே எழுதிடறேன்."

துர்காதேவி லாக் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும் சார். மீட்டரு ஜீரோ காட்டுச்சேன்னு அன்னிக்கே பேனலைத் தொறந்து பாத்தேன். அப்பறம் லைன் பக்கம் போய்ப் பாத்தா, பன மட்ட கம்பியில ஒரசிக்கினு இருந்துச்சு. அதான் காத்துக்கு அடிக்கடி நின்னுகினு இருந்துச்சு. லைன நிறுத்திட்டு எல்லப்பண்ணன வுட்டு வெட்டிட்டேன்."

"அப்ப ஒயரு?"

"அன்னிக்கு சாயந்திரமே மாட்டிட்டேன். சொன்னா மறுபடி கழட்டிடுவீங்கன்னுதான் சார் சொல்லல."