அய்யம்பெருமாள் வீட்டுத் தூக்கம்

"அங்க போயி மட்டும் தூங்கிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

செந்துறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஹேமலதா புருஷன் அன்பழகனிடம் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கொழுந்தன் சுரேஷ்குமாருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். அவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். போட்டோவைப் பார்த்ததுமே அவனுக்குப் பிடித்துப்போச்சு. மாமியார் கிருஷ்ணம்மாளுக்கு மூட்டுவலி, பஸ் ஏற முடியாது. அதனால் மகனையும் மருமகளையும் அனுப்பிவைத்தாள். அனுப்பும்போதே கறாராகச் சொல்லியும்விட்டாள். இல்லாத வீடு என்றால் பரவாயில்லை, நாமும் ஒரு காலத்தில் இல்லாமல் கிடந்தவர்கள்தான். இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுகிற வீடு மட்டும் ஆகவே ஆகாது. நல்லா பார்த்துட்டு வாங்க.

நல்லா பார்க்கிற ஆளா அன்பழகன்?

மூக்கும் முழியும் அம்மா ஜாடை. தூக்கம் மட்டும் அப்படியே அப்பா. பஞ்சாயத்தோ, பந்தியோ, எங்கே போனாலும் முக்கியமான நேரமாகப் பார்த்துக் கண் சொக்கிவிடும். அய்யம்பெருமாள் மகனுக்கு நிலமா எழுதி வச்சாரு, தூக்கத்தைத்தானே எழுதி வச்சாரு என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அந்த மனுஷர் ஹேமலதாவைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டம் வந்தபோதும் தூங்கினார். அன்றைக்கும் இப்படித்தான், மாப்பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் முதலில் வந்தார்கள். கிருஷ்ணம்மாள் கொல்லைப்பக்கம் மாடு கன்று பார்க்கப் போயிருந்தாள். ஹேமலதா காபித் தட்டோடு நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து அவள் அப்பா குடித்துவிட்டுத் தள்ளாடியபடி வாசல்படி ஏறினார். அம்மா பதறிப்போய் அவரை அப்படியே பக்கத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எதிரே நாற்காலியில் அய்யம்பெருமாள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தாளு தூங்கினதாலதாண்டி உனக்குக் கல்யாணமே நடந்துச்சு" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

செந்துறையில் பெண் வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். மாசி மாதத்து மதியம். முந்திரிப் பூ வாசனை காற்றோடு உள்ளே வந்து வந்து போனது. தலைக்கு மேலே ஃபேன் தாலாட்டுகிற மாதிரி சுற்றியது. ஹேமலதாவுக்கே கண் செருகிற்று. புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள். நல்லவேளை, விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

பெண் சசிகலா காபி கொண்டுவந்தாள். கழுத்தில் ரெட்டைவடச் சங்கிலி. தட்டை வைக்கக் குனிந்தவளுக்குக் கொக்கி விட்டுப்போய், சங்கிலி நழுவி முறுக்குத் தட்டில் விழுந்தது.

"அய்யோ, எஞ் சங்கிலிடி சசி, பாத்து!"

அடுப்படி வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெண்ணின் அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சசிகலா சங்கிலியை எடுத்த கையோடு அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

கொர்ரென்று ஒரு சத்தம்.

அன்பழகன் தூங்கியிருந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து.

ஹேமலதாவுக்கு மானமே போயிற்று. அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்க முடியவில்லை, புருஷன் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்தவளுக்கு அவன் கால் கண்ணில் பட்டது. வேட்டி ஓரத்தில் வலதுகால் கட்டைவிரல் மட்டும் மேளத்துக்குத் தாளம் போடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? நிஜமாகத் தூங்கினால் அவன் மரக்கட்டை. இடி விழுந்தாலும் ஒரு விரல் அசையாது.

சங்கிலி கழுத்துக்கு ஏறிற்று. பக்கத்து வீட்டுக்காரி மறைந்துபோனாள். பெண்ணின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்து முடித்த பிறகுதான் அன்பழகன் கண்ணைத் திறந்தான்.

"அடடா, அசந்துட்டேன் போலருக்கு. காபி ஆறிடுச்சாம்மா?"

திரும்பி வரும்போது ஹேமலதா அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவள் தோளில் சாய்ந்து நிஜமாகவே தூங்கிப்போனான். கால் விரல் அசையவில்லை. வெளியே வெயில் சாய்ந்து, முந்திரிக்காடு ஒரு கனா மாதிரி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் கிருஷ்ணம்மாள் மருமகளைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அவன் அப்பனாட்டம் தூங்கிட்டுத்தான் வந்திருப்பான், அவனைக் கேட்டுப் புண்ணியமில்ல. நீ சொல்லும்மா. போட்டோவுல ஒரு சங்கிலி போட்டிருந்தாளே, அது அவங்களுதுதானா? பாத்தியா?"

ஹேமலதா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எனக்கும் அங்க கண்ணு அசந்துடுச்சுங்க அத்தை. அந்தப் புள்ள குடுத்த காபிதான் நெனப்புல நிக்குது. நல்ல புள்ளைங்க."

கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரத்தத்துல வர்ற வியாதின்னுல்ல நெனச்சேன். கட்டிக்கிட்டு வந்தவளுக்கும் ஒட்டிக்கிச்சா? சரி, சுரேசுக்குப் போனைப் போடு. பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லு."

மூலையில் நாற்காலியில் அய்யம்பெருமாள் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கிடந்தார். சொன்ன பொய் சுட, ஹேமலதா அவர் பக்கமாகத் திரும்பித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

அதை அவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள். காபித் தட்டோடு குனிந்த தலை நிமிராமல் நின்ற அன்றைக்கு எதிரே இருந்தவரின் முகம் அவளுக்குத் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. அவள் அப்பா வாசல்படி ஏறினபோதும் அந்த விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.