கடைக்காரர் இடுப்பு

கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் பெல்ட் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. அந்த மினுக்கே வாங்க வந்த வெல்டருக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் தீப்பொறி பட்டு உருகி அவர் வயிற்றில் ஒட்டிக்கொண்ட பெல்ட்டையும் தோல் என்று சொல்லித்தான் விற்றார்கள். மடக்கிப் பார்க்கிறார். முகர்கிறார், பசை வாடை மூக்கில் ஏறுகிறது. விளிம்பை நகத்தால் நெருடுகிறார். "அசல் தோலுண்ணே, உங்க பேரன்கூடக் கட்டுவான்" என்கிறார் கடைக்காரர். மின்விசிறிக் காற்றில், தொங்கும் பெல்ட்டுகள் ஒன்றோடொன்று உரசி முணுமுணுக்கின்றன. வெல்டரின் கண் பெல்ட்டை விட்டுக் கடைக்காரரின் இடுப்புக்குப் போகிறது. "நீங்க கட்டியிருக்கிறதும் இதே சரக்குதானா தம்பி?" கடைக்காரர் சிரிக்கிறார். சிரித்தபடியே, சட்டை நுனியை இரண்டு கையாலும் மெல்லக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறார்.