அசனத்துக் கறி

இந்தக் காலத்துப் போதகர்கள் கரண்டி பிடிப்பதெல்லாம் போட்டோவுக்குத்தான். சர்ச் அசன விருந்தில் புதுப் போதகர் வாளி தூக்கிப் பரிமாறியபோதும் அப்படித்தான் நினைத்தேன். போட்டோக்காரன் போன பிறகும் அவர் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"போதும் ஐயா, பாக்க ஆளில்ல" என்றேன்.

சிரித்தார். மற்றவர்கள் எழுந்த பிறகு, சோற்றில் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கறி தீந்துட்டு, தாத்தா."

இரண்டு ஆள் சாப்பிடும் கறியை நான் தூக்குவாளியில் எடுத்து வைத்திருந்தேன். வேட்டியால் மறைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"ஆச்சிக்கா? நல்லா கொண்டுபோங்க."

என் வீட்டுக்காரி செத்து ஆறு வருஷம். ஆமாம் என்று தலையாட்டினேன். மூடியைத் திறக்கக் கை போனது. அழுத்தி மூடிவிட்டு எழுந்தேன்.

புது ஆள்தானே, ஒரு வருஷம் போகட்டும், பாப்போம் என்று முனகிக்கொண்டே நடந்தேன்.