ஆந்தை எழுதிய தலைவர் ஆராய்ச்சி

காட்டை ஆண்ட தலைவர்களின் குணங்களை ஆராய்ந்து ஆந்தை ஒரு புத்தகம் எழுதியிருந்தது. அதை வாசித்துக் காட்டும்படி இப்போதைய தலைவரான கரடி கூப்பிட்டு அனுப்பியதும் ஆந்தை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனது.

“சில தலைவர்கள் யோசனை கேட்பார்கள், எதிரே இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் தாங்களே பதிலும் சொல்லிவிடுவார்கள்,” என்று தயங்கித் தயங்கி வாசித்தது.

கரடி விழுந்து விழுந்து சிரித்தது. “எனக்கு முன்னால் இருந்த யானையை அப்படியே பிட்டுப் பிட்டு வைத்துவிட்டீரே! நீர் என்ன நினைக்கிறீர்? யானையேதான்!”

“ஆமாம் தலைவரே, யானையேதான்!” என்று சொல்லிவிட்டு ஆந்தை பறந்தோடி வந்தது.

எல்லாவற்றையும் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அணில் மெல்லக் கேட்டது: “ஐயா, தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் அறிஞர்களைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுதலாமே?”

“அவசியம் எழுதணும்,” என்றது ஆந்தை. “அந்தக் கொக்கு இருக்கானே, சரியான ஆமாஞ்சாமி!”